ஒப்புதல் முத்திரையா? அது வி.ஏ.ஓ. ஆபீஸில் குத்துவது

2025 மே மாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சட்டம் கையெழுத்தானது. குழந்தைகளுக்கு எதிரான கொடுமை பற்றித் தெரிந்தால் மதகுருமாரும் அதிகாரிகளிடம் சொல்லியே ஆகவேண்டும், பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களைக் குருவிடம் தனியாகச் சொல்லும் சடங்கில் கேட்டிருந்தாலும் விதிவிலக்குக் கிடையாது என்று அது சொன்னது. கத்தோலிக்க ஆயர்கள் வழக்குப் போட்டார்கள், ஜூலையில் மத்திய நீதிபதி அந்தப் பகுதிக்குத் தடை போட்டார், அக்டோபரில் அதைச் செயல்படுத்தப்போவதில்லை என்று மாநில அரசே ஒத்துக்கொண்டது. இதை நம் ஊர்ச் செய்தி ஒன்று சொன்ன விதம்: "ஒப்புதல் முத்திரையை உடைக்கப் பாதிரியார்கள் மறுப்பு."

ஆங்கிலத்தில் 'சீல் ஆஃப் கன்ஃபெஷன்' என்பார்கள், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு. அதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். இந்த 'ஒப்புதல் முத்திரை' என் கண்ணில் படுவது முதல் தடவை என்றால் விட்டிருப்பேன். ஆஸ்திரேலியா பற்றிய செய்தியிலும் இதுதான், பிரான்ஸ் பற்றிய செய்தியிலும் இதுதான். பக்கத்திலிருந்த என் மைத்துனர் வாசித்துவிட்டு, "என்ன மாமா, எந்த சர்டிபிகேட்ல முத்திரை போட மாட்டேங்கறாங்க?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒப்புதல் என்றால் நமக்கு அனுமதி. அமைச்சரவை ஒப்புதல், ஆளுநர் ஒப்புதல், வரைபட ஒப்புதல். அதோடு முத்திரையும் சேர்ந்தால் ரப்பர் ஸ்டாம்பும் ஊதா மையும் மட்டும்தான் மனதில் வரும்.

சரி, மூலச் சொல் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'சிகில்லும்'. 'சிக்னும்' என்றால் குறி, அதன் சிறு வடிவம் சிகில்லும்: மோதிரத்தில் வெட்டிய சின்ன உருவம், அதை மெழுகில் அழுத்தினால் பதியும் அச்சு. கடிதத்தை மடித்து மெழுகு வைத்து அழுத்திவிட்டால் உரியவர் தவிர வேறு யாரும் பிரிக்கக்கூடாது. இதிலிருந்துதான் ஆங்கிலத்தின் 'சீல்' வந்தது. பாவத்தைக் கேட்ட குருவின் வாய்க்கு அப்படி ஓர் அடைப்பு என்பது உவமை. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபை மாநாடுதான், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்றது. அதே இடத்திலேயே, கேட்டதை வெளியே சொல்லும் குருவைப் பதவியிறக்கி, சாகும்வரை தவம் செய்யக் கடுமையான மடம் ஒன்றில் அடைக்கவேண்டும் என்றும் எழுதிவைத்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தில் 983ஆம் விதி இதைப் பேசுகிறது: வாயாலோ வேறு எந்த வகையிலோ, எந்தக் காரணத்துக்காகவும் காட்டிக்கொடுக்கக்கூடாது. நேரடியாக மீறினால் விசாரணையே தேவையில்லை, அந்த நொடியே சபைக்கு வெளியே.

இப்போது முத்திரைக்கு வருகிறேன், என் சண்டை முழுக்க இங்கேதான். தமிழில் முத்திரை எங்கெல்லாம் வருகிறது? தபால் முத்திரை, முத்திரைத்தாள், தராசு முத்திரை, பரதநாட்டிய முத்திரை, ஒருவனைத் துரோகி என்று முத்திரை குத்துவது, ஒரு நடிகர் தன் முத்திரையைப் பதிப்பது. இவற்றில் ஒன்றாவது மறைக்கிறதா? எல்லாமே காட்டுவதற்கு. நாலு பேர் பார்க்கவேண்டும் என்றுதான் முத்திரை குத்துகிறோம். மூடுவதற்கு நாம் சொல்வது வேறு: மாநகராட்சி வந்து கடைக்கு 'சீல் வைத்தார்கள்', ஓட்டுப்பெட்டிக்கு 'அரக்கு வைத்தார்கள்'. லத்தீன்காரனுக்குக் குறியும் மூடலும் ஒரே சொல்லில் இருந்தன. நம் அன்றாடப் பேச்சில் அப்படி இல்லை. அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டியதில் சொல் தலைகீழாகப் போய்விட்டது.

நம்மிடம் பொருத்தமான பழஞ்சொல் இல்லாமலும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு அனுப்பும் ஓலை 'மண்ணுடை முடங்கல்', அதாவது மண் அப்பி மூடிய சுருள். அந்த ஈர மண்ணில் அவள் கூந்தலையே வைத்து ஒற்றியிருக்கிறாள். அந்த மண்பொறியில் வந்த நெய்வாசம் சேர்ந்திருந்த நாளை நினைவூட்ட, ஓலையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறான் அவன். சிகில்லும் என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ்ச் சொல் கிடைக்காது. ஆனால் இன்றைக்கு 'மண்பொறி' என்று எழுதினால் எலிப்பொறி மாதிரி ஏதோ என்று நினைப்பார்கள். ஆகவே ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

அடுத்து இந்த ஒப்புதல் எங்கிருந்து வந்தது என்றால், காவல் நிலையத்திலிருந்து. 'ஒப்புதல் வாக்குமூலம்' என்பது குற்றவியல் சட்டத்தின் சொல். சில தொலைக்காட்சிகள் 'பாதிரியாரிடம் அளித்த வாக்குமூலம்' என்றே சொல்கின்றன. வாக்குமூலம் என்றால் எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பில் போட்டு, நீதிமன்றத்தில் காட்டுவது. அதைப் பாதிரியார் கொடுக்க மறுக்கிறார் என்று சொன்னால் கேட்பவருக்கு அவர் ஏதோ ஆவணத்தை ஒளித்துவைத்திருக்கிறார் என்றுதான் படும். வழக்கு என்ன, யார் பக்கம் நியாயம் என்று யோசிக்கும் முன்பே சொல் தீர்ப்பு எழுதிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நம் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியமாகக் காட்ட முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தில் 23. அதே ஆள் பாதிரியாரிடம் சொல்லியிருந்தால்? வக்கீலிடம் சொன்னதற்குப் பாதுகாப்பு இருக்கிறது, கணவன் மனைவி பேச்சுக்கும் இருக்கிறது, மதகுருவுக்கென்று ஒரு வரிகூட இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே ஒப்புக்கொண்டது என்ற கணக்கில் வலுக்குறைந்த சாட்சியமாக அது உள்ளே வரலாம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவும் தெரிந்தவர் எவரானாலும் புகார் சொல்லவேண்டும் என்கிறது, குருவுக்கு விலக்குச் சொல்லவில்லை.

இன்னொரு சொல் 'பாவமன்னிப்பு'. 2018இல் கேரளத்தில் ஒரு சபையின் குருமார் சிலர்மீது, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து ஒரு பெண்ணை மிரட்டினார்கள் என்று புகார் எழுந்து, தேசிய மகளிர் ஆணையம் இந்த வழக்கத்தையே ஒழிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தபோது, நம் செய்திகள் 'பாவமன்னிப்பு முறைக்குத் தடை?' என்று எழுதின. மன்னிப்பு கடைசியில் கிடைப்பது. தடை கேட்டது சொல்லும் வழக்கத்துக்கு. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்த ரகசியமே இருக்கிறது.

பிறகு கிறிஸ்தவர்கள் என்னதான் சொல்கிறார்கள்? கத்தோலிக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பாவசங்கீர்த்தனம். தூய தமிழ் அன்பர்களுக்கு இது கசக்கும், வடமொழி. எனக்கும் சின்ன உறுத்தல் உண்டு, ஆனால் காரணம் வேறு: சங்கீர்த்தனம் என்றால் உரக்கச் சொல்வது, நாமசங்கீர்த்தனம் மாதிரி. காதோடு கிசுகிசுப்பதற்கு இந்தப் பெயர்! எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். பெரிய வெள்ளிக்கு முன்னால் கோயிலுக்குப் போய், மரக்கூண்டின் வலைத்தட்டி பக்கம் முழங்காலிட்டு, முந்தானையை வாயோரம் பிடித்துக்கொண்டு பேசுவார். காது மந்தம் என்பதால் தன் குரல் தனக்கே கேட்காமல் சத்தமாகப் பேசிவிடுவார். வரிசையில் நிற்கும் நாங்கள் நாலு அடி பின்னால் தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நிற்போம், யாரும் சொல்லித்தரவில்லை. பிற்பாடுதான் படித்தேன், 983ஆம் விதியின் இரண்டாவது பத்தி தற்செயலாகக் காதில் விழுந்தவர்களையும் கட்டுப்படுத்துகிறது என்று. வெளியே வந்ததும் பாட்டி, "சாமி என்ன அபராதம் குடுத்தாரு தெரியுமா, அஞ்சு அருள்நிறை மந்திரம்" என்பார். பாவத்துக்குப் பரிகாரமாகக் குரு சொல்லச் சொல்லும் செபத்தைத்தான் அவர் அபராதம் என்றார். அபராதம் என்றால் இப்போது ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது.

வழக்கத்தின் வயதும் சின்னதல்ல. தமிழில் அச்சேறிய முதல் புத்தகங்களில் ஒன்றே பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடுதான்: போர்த்துகீசியக் குரு அண்டிரிக் அடிகள் 1580இல் கொச்சியில் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு'. பெயரைப் போர்த்துகீசியத்திலேயே விட்டுவிட்டார், மொழிபெயர்க்கத் துணியவில்லை. பின்னால் வந்தவர்கள் வடமொழிக்குப் போனார்கள். 1960களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 'ஒப்புரவு அருட்சாதனம்' வந்தது. நல்ல சொல்தான், ஆனால் ஒப்புரவு என்றால் படித்தவர்களுக்குக் குறளின் 22ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும், ஊருக்கு உதவுவது. சபைக்குள் புழங்கட்டும், செய்தியில் அதை மட்டும் போட்டால் வெளியாளுக்கு விளங்காது.

என் முடிவு இது. உவமையை விட்டுவிட்டுக் கடமையைச் சொல்லுங்கள். அமைச்சர்கள் பதவியேற்கும்போது 'இரகசியக் காப்புப் பிரமாணம்' எடுக்கிறார்களே, அந்த இரகசியக் காப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல். 'பாவசங்கீர்த்தன இரகசியக் காப்பு' என்று எழுதினால் போதும், இடம் பற்றாவிட்டால் 'பாவசங்கீர்த்தன இரகசியம்'. தனித்தமிழ் வேண்டுபவர்கள் 'ஒப்புரவு மறைகாப்பு' என்று எழுதட்டும், மறை என்பதற்கு வேதம், ரகசியம் இரண்டும் பொருள் என்பதால் அது அழகாகவே விழுகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தக் காப்பு குருவின் தலைமேல் சபை வைத்த கடமை. அரசு அதை மதித்துச் சாட்சி சொல்வதிலிருந்து விலக்குக் கொடுத்தால் அது சட்டச் சலுகை, வேறு சொல். மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் ஒரே பானையில் போடுகிறார்கள். 1813இல் நியூயார்க்கில் கோல்மன் என்ற குரு, திருட்டுப்போன நகையை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்தது யார் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்று நீதிமன்றத்தில் நின்றார். கடமை அவரிடம் முதலிலிருந்தே இருந்தது. சலுகையை அந்த நீதிமன்றம் அன்றைக்குத்தான் கொடுத்தது, 1828இல் அந்த மாநிலம் அதைச் சட்டமாகவே எழுதியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் குயின்ஸ்லாந்தும் அண்மையில் எடுத்துக்கொண்டது சலுகையை. சொல்லாமல் இருந்தால் மூன்று ஆண்டு வரை சிறை. கடமையை அவர்களால் எடுக்க முடியாது, ஆகவேதான் அங்கே இவ்வளவு இழுபறி. குழந்தைகள் விஷயத்தில் அரசு கேட்பது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் எதை எடுக்கிறது என்பதையாவது சரியாக எழுதவேண்டாமா?

செய்தி மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அண்ணே, மூலத்துல சீல்னு இருக்கே, விட முடியுமா?" என்றார். அரைமணி நேரம் பேசி ஒத்துக்கொள்ளவைத்தேன். அடுத்த செய்தியில் 'பாவசங்கீர்த்தன இரகசியக் காப்பு' என்றே எழுதி அனுப்பினாராம். மேலே இருந்தவர் அதை அடித்துவிட்டு 'பாவமன்னிப்பு ஒப்புதல் முத்திரை' என்று போட்டு வெளியிட்டுவிட்டார்.