கண்ணைக் கூசவைக்கும் சைக்கிள் விளக்கு பாதுகாப்பு தருமா?

பினாங்கில் பொழுது விடிய ஏழு மணிக்கு மேலாகிவிடும். வெயிலுக்கு முந்திக்கொள்ள ஐந்தரை, ஆறு மணிக்கே பாலிக் புலாவ் பக்கம் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் முதல் ஒரு மணி நேரத்தை இருட்டில்தான் கடக்கிறார்கள். அவர்களில் சிலர், கண் பரிசோதகராகிய என்னிடம் எத்தனை லூமன் (விளக்கு வெளியிடும் ஒளியின் அளவு) விளக்கு வாங்கலாம் என்று கேட்பதுண்டு.

விளக்கு கட்டாயம் வேண்டும், பகலிலும்கூட. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 2004-05ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 3,800 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், எந்நேரமும் எரியும் விளக்கைப் பொருத்தியவர்களுக்குக் காயம் ஏற்படுத்திய விபத்துகள் 19 விழுக்காடு குறைவாக இருந்தன. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுவதும் இதே காரணத்தால்தான். ஆனால் ஓடென்சேயில் பொருத்தப்பட்டவை, சக்கரத்திலுள்ள காந்தத்தின் சுழற்சியால் எரியும் சிறு விளக்குகளே. பலன் கிடைத்தது அவை அணையாமல் எரிந்ததால், கண்ணைப் பறித்ததால் அன்று.

அளவுக்கு மீறிய ஒளி கண்ணுக்குள் என்ன செய்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். கண்புரை தொடங்கிய ஒருவர் எழுத்துப் பலகையில் ஐந்தாவது வரியைத் தடையின்றிப் படித்துக்கொண்டிருப்பார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிறு டார்ச்சை அவர் முகத்தை நோக்கி ஏந்தினால், அந்த வரி அப்படியே மறைந்துபோகும். மங்கிய விழிவில்லையில் பட்டுச் சிதறும் ஒளி விழித்திரை முழுவதும் வெண்புகைபோல் பரவுவதே காரணம். ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த அறுபது வயது அம்மையார் ஒருவர், எதிரே வந்த சைக்கிளை மயிரிழையில் தவிர்த்ததைச் சொல்லும்போது, "வெளிச்சம் நல்லாத்தான் தெரிஞ்சதும்மா, அது கிட்ட வருதா தூரத்துல வருதான்னுதான் பிடிபடல" என்றார். ஒற்றை ஒளிப்புள்ளியை வைத்துத் தொலைவைக் கணிப்பது நல்ல கண்ணுக்கே கடினம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரே வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடந்துவிடும்.

ஆகவே, அதிக லூமனுக்குச் செலவிடுவதைவிட விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ப்பதையும், கணுக்காலில் ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டை அணிவதையுமே நான் பரிந்துரைக்கிறேன். மிதிக்கும்போது மேலும் கீழும் அசையும் அந்தப் பட்டை, வருவது ஒரு மனிதர் என்பதைக் காரோட்டிக்கு விரைவில் உணர்த்திவிடும். இன்றிரவே விளக்கை எரியவிட்டு, சைக்கிளில் வீட்டார் ஒருவரை அமர்த்தி, பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அவருடைய தோளும் கைகளும் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், எதிரே வரும் காரோட்டிக்கும் தெரியாது.