மஞ்சள் துணியில் சுற்றி வந்த போன்

பூஜை அலமாரியிலிருந்து நேராக எடுத்து வந்த போன் என்பது பார்த்ததுமே தெரிந்தது. மஞ்சள் துணி, விபூதி வாசனை, ஓரத்தில் குங்குமக் கறை. "இதை ஆன் பண்ணலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மா மேசைமேல் வைத்தார். அவர் கணவர் வீட்டைவிட்டுப் போய் அப்போது பதினோரு மாதம்.

மதுரையில் டிஜிட்டல் தடயவியல் வேலை பார்க்கிறேன். வழக்கறிஞர்கள் அனுப்பும் போன், லேப்டாப், ஹார்ட் டிஸ்க் இவற்றை ஆராய்ந்து அறிக்கை தருவது தொழில். காணாமல் போனவர்களின் குடும்பங்களும் வருவார்கள், பெரும்பாலும் தாமதமாக. ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.

அவர் சொன்னது இரண்டு சம்பவங்கள். கணவர் புது போனைக் கையோடு கொண்டு போய்விட்டார். பழையது வீட்டிலேயே கிடந்தது. சிம் கிடையாது, வைஃபையில் மட்டும் ஓடும், அதில் அவருடைய கூகுள் கணக்கு இருந்தது. போய் இருபது நாள் கழித்து, நள்ளிரவில் அந்தப் பழைய போன் வீடே அலறும்படி அடித்திருக்கிறது. சைலன்ட்டில் இருந்த போன். எடுத்துப் பார்த்தால் மிஸ்டு கால் இல்லை. மாமியார் நடுங்கிப்போய்க் குறி சொல்பவரிடம் ஓட, அவர் போனை அணைத்து மஞ்சள் துணியில் சுற்றி ஒரு மண்டலம் சாமிக்கு முன்னால் வைக்கச் சொல்லிவிட்டார். 48 நாள் முடிந்த பிறகும் யாருக்கும் அதைத் தொடத் துணிவில்லை.

இரண்டாவது, பத்தாவது மாதம். கணவரின் எண்ணுக்குத் தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புவது அவர் வழக்கம். எப்போதும் ஒற்றை டிக்தான். ஒருநாள் இரட்டை டிக் விழுந்து, நீலமாகி, பதிலும் வந்துவிட்டது: "யாருங்க?"

"என்னையே மறந்துட்டாரு சார். உயிரோட இருக்கிறவர் இப்படிக் கேப்பாரா?"

அவரைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் பெரிய விஷயம். எனக்கோ முதலாவதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது.

"யாருங்க?" எளிது. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் பயன்படுத்தாமல், பேலன்ஸும் இல்லாமல் விட்டால் நிறுவனம் துண்டிக்கலாம். அதன்பின் குறைந்தது 90 நாள் அந்த எண்ணை யாருக்கும் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கூட்டிப் பாருங்கள், ஆறு மாதம். பிறகு அந்த எண் எந்தக் கடையிலும் யார் கைக்கும் போகலாம். வாட்ஸ்அப்பும் 45 நாள் சும்மா கிடந்த கணக்கு வேறு போனில் திறக்கப்பட்டால், எண் கைமாறிவிட்டதாக எடுத்துக்கொண்டு பழைய டிபியைத் தூக்கிவிடும். அதனால்தான் குடும்பங்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன்: காணாமல் போனவரின் எண்ணுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருங்கள். அந்த எண் கைவிட்டுப் போனால் என்றாவது அவர் சிம்மைப் போட்டு அழைக்கும் வாய்ப்பு போகும். வங்கி ஓடிபிகூட வேறொருவருக்குப் போய்ச் சேரும்.

இப்போது நள்ளிரவில் அடித்த போனுக்கு வருவோம். அலாரம் எதுவும் வைக்கப்படவில்லை, பார்த்துவிட்டேன். சிம் இல்லாததால் சாதாரண அழைப்பு வர வழியில்லை. மிச்சமிருப்பது, தொலைந்த போனைத் தேட கூகுள் தரும் வசதி. கணக்கில் நுழைந்து 'ஒலிக்கச் செய்' என்பதை அழுத்தினால் போன் சைலன்ட்டில் இருந்தாலும் முழுச் சத்தத்தில் ஐந்து நிமிடம் வரை அடிக்கும், மிஸ்டு கால் பதிவாகாது. சரி, அப்படியென்றால் அந்த ராத்திரி யாரோ ஒருவர் அவருடைய கடவுச்சொல்லோடு எங்கோ உட்கார்ந்திருந்தார். அவரே இருக்கலாம். அவர் போனைப் பிடுங்கிய எவனோவாகவும் இருக்கலாம். எந்தச் சாதனத்திலிருந்து, எந்த ஊர்ப் பக்கமிருந்து கணக்கு திறக்கப்பட்டது என்பது கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் சில வாரம் தெரியும். அந்தச் சில வாரமும் மஞ்சள் துணிக்குள் போய்விட்டது.

குறி சொன்னவரைத் திட்டி என்ன செய்ய? ஆறுதல் கேட்டவர்களுக்கு அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். எனக்கு ஆத்திரம் போன் கடைகள்மேல்தான். பேட்டர்ன் தெரியவில்லை என்று கொண்டுபோனால் ரீசெட் அடித்துக் கொடுத்துவிட்டு, "டேட்டாவை லேப்ல எடுத்துக்கலாம்" என்கிறார்கள். இப்போதைய போன்களில் எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். ரீசெட் அடித்தால் அதைத் திறக்கும் சாவியே அழிந்துவிடும். அப்புறம் எந்த ஆய்வகத்தாலும் முடியாது. இந்தப் போன் மட்டும் சாமி புண்ணியத்தில் அப்படித் தப்பித்தது.

ஆகவே போனை அணைக்காதீர்கள், லாகவுட் செய்யாதீர்கள், பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் போடாதீர்கள். சார்ஜில் வையுங்கள். திரையில் ஏதாவது வந்தால் இன்னொரு போனில் படமெடுத்து நேரத்தைக் குறித்து வையுங்கள். லேப்டாப்பில் அவருடைய வாட்ஸ்அப் திறந்திருந்தால் இன்னும் அவசரம். முதன்மை போன் 14 நாளுக்கு மேல் இணையத்துக்கு வராவிட்டால் லேப்டாப்பிலும் கணக்கு தானாக வெளியேறிவிடும். தெருவிலும் கடைகளிலும் இருக்கும் சிசிடிவி கேமரா பதிவுகளும் சில வாரங்களில் அழிந்துவிடும்.

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிற்காமல் 'மேன் மிஸ்ஸிங்' எஃப்ஐஆர் நகலையும் கேட்டு வாங்குங்கள், இலவசம். அழைப்பு விவரப் பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் வந்த விதி. ஆனால் அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் காவல்துறை, நீதிமன்றம் போன்றவற்றுக்குத்தான். "எனக்குத் தெரிஞ்ச பையன் எடுத்துத் தருவான்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது குற்றம். ஏழு ஆண்டு தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருத இடம் தரும் சட்டப்பிரிவை (பழைய சாட்சியச் சட்டத்தில் 108, இப்போதைய புதிய சட்டத்தில் 111) நாடும் நிலை வந்தால் அன்றைக்கும் கையில் இருக்க வேண்டியது இந்த எஃப்ஐஆர்தான். இதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழக்கறிஞரிடம் சொல்லி அனுப்பினேன்.

'காணவில்லை' அறிவிப்பில் வீட்டு போன் எண்ணைப் போடாமல் காவல் நிலைய எண்ணைப் போடுங்கள். "உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருக்கார், உடனே இருபதாயிரம் அனுப்புங்க" என்று அழைப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பழைய போனை நீதிமன்றம் வழியாக ஆய்வுக்கு ஒப்படைத்தாகிவிட்டது. அந்த அம்மாவின் சம்மதத்தோடு "யாருங்க?" என்று கேட்ட எண்ணுக்கு நானே பேசினேன். எடுத்தது கல்லூரிப் பையன். டவுன் கடையில் புது சிம் வாங்கி ஐந்து வாரம்தான் ஆகிறதாம். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சார், அந்த அக்கா தினமும் 'சாப்டீங்களா'ன்னு கேக்குறாங்க. மொதல்ல தெரியாம யாருங்கன்னு கேட்டுட்டேன். அப்புறம் பிளாக் பண்ண மனசு வரல."