பதினான்கு கோர்களை ஆறு கோர்கள் முந்துவது எப்படி?

இன்டெல் நிறுவனம் 2016 மார்ச் மாதத்தில் வெளியிட்ட ஜியான் இ5-2680 வி4 என்னும் சர்வர் புராசசருக்கு அன்று இருந்த பட்டியல் விலை 1,745 டாலர். அதே நிறுவனம் 2022 ஜனவரியில் கொண்டுவந்த கோர் ஐ5-12400 என்னும் மேசைக் கணினிப் புராசசரின் பட்டியல் விலை 192 டாலர். இன்றைக்குப் பழைய பொருள் சந்தையில் முதலாவது, இரண்டாவதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கிறது. அதில் 14 கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 28 திரெட்கள் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலை ஓட்டங்கள்), 35 எம்பி எல்3 கேஷ் (கோர்கள் பகிர்ந்துகொள்ளும், சிப்பிலேயே உள்ள வேக நினைவகம்). ஐ5-இல் 6 கோர்கள், 12 திரெட்கள், 18 எம்பி எல்3 கேஷ். குறைந்த செலவில் கணினி கட்ட நினைப்பவர் இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் கை தானாகவே ஜியான் பக்கம் போகும். ஆனாலும் வீட்டிலும் சிறு அலுவலகத்திலும் ஒருவர் அன்றாடம் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை அந்த ஆறு கோர்களே முன்னதாக முடிக்கின்றன.

ஜியானின் விலை சரிந்ததற்குக் காரணம் அதன் சிலிக்கான் தேய்ந்துபோனது அல்ல. தரவு மையம் நடத்தும் நிறுவனத்துக்குச் சர்வர் என்பது சில ஆண்டுகளில் தேய்மானம் கழித்து மாற்றிவிட வேண்டிய சொத்து. மைக்ரோசாஃப்ட் தன் சர்வர்களின் கணக்கியல் ஆயுளை நான்கு ஆண்டுகளிலிருந்து ஆறாக நீட்டித்ததே 2022-இல்தான். இடமும் மின்சாரமும் குளிரூட்டலும் செலவு மிகுந்த அவ்விடங்களில், அதே மின்சாரத்துக்கு அதிக வேலை செய்யும் புதிய தலைமுறை வந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழையது கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்படுகிறது. வருவது ஏராளம், வேண்டுவோர் குறைவு என்பதால் விலை விழுகிறது. ஆகவே விலைச் சரிவை வைத்து அந்தப் புராசசரின் தரத்தை எடைபோட முடியாது. அது எந்த வேலைக்காகப் படைக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிப்பில் டிரான்சிஸ்டர்கள் நிலை மாறும்போது செலவாகும் மின்திறன், அவற்றின் மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் வர்க்கம், அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை கடிகாரத் துடிப்பு என்பது) ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்கு ஏற்ப அமைகிறது. அதிர்வெண்ணை ஓரளவுக்கு மேல் உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்தியாக வேண்டும் என்பதால், வேகம் சற்றுக் கூடும்போது மின்செலவு பல மடங்கு விரைந்து கூடுகிறது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் மின்னழுத்தமும் அதே அளவில் குறைந்துகொண்டே போகும் என்று ஐபிஎம் ஆய்வாளர் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் காட்டிய வழி, ஏறத்தாழ 2005-ஆம் ஆண்டு வாக்கில் முட்டுச்சந்துக்கு வந்துவிட்டது. அதன்பின் கிடைத்த கூடுதல் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே எளிய வழியாயிற்று.

சர்வருக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓர் இணையதளத்தை நாடும்போது ஒருவரின் கோரிக்கைக்கும் மற்றவரின் கோரிக்கைக்கும் தொடர்பே இல்லை. ஒவ்வொன்றும் சற்று மெதுவாக நடந்தாலும் மொத்தத்தில் எத்தனை முடிந்தன என்பதே கணக்கு. எனவே இ5-2680 வி4 தன் 120 வாட் வரம்பை 14 கோர்களுக்குப் பங்கிட்டுக்கொள்கிறது. கேஷுக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுக்கும் போனது போக, கோர் ஒன்றுக்கு 8 வாட்கூட மிஞ்சுவது கடினம். அதன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், எல்லாக் கோர்களும் உழைக்கும்போது 2.9 வரை போகும். ஓரிரு கோர்கள் மட்டும் உழைத்தால் 3.3. ஐ5-12400-இல் அடிப்படை மின்வரம்பு 65 வாட், தேவைப்படும்போது 117 வாட் வரை உயரும். ஒரே கோர் 4.4 கிகாஹெர்ட்ஸிலும், ஆறும் சேர்ந்து 4.0 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும்.

அதிர்வெண் வேறுபாடு கதையில் பாதிதான். மீதிப் பாதி ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதில் இருக்கிறது. ஜியானில் உள்ள பிராட்வெல் வகைக் கோர், ஒரு துடிப்பில் நான்கு கட்டளைகளைப் பிரித்தறிந்து உள்ளே அனுப்பும். அவற்றில் முடியாமல் காத்திருப்பவற்றை 192 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, எது முதலில் தயாராகிறதோ அதை முதலில் செய்யும். ஐ5-இல் உள்ள கோல்டன் கோவ் கோர் துடிப்புக்கு ஆறு கட்டளைகளைப் பிரிக்கும். அதன் பட்டியலில் 512 இடங்கள். இந்தப் பட்டியலின் நீளம் ஏன் முக்கியம்? தேவையான தரவு கேஷில் இல்லாமல் ரேமுக்குப் போக நேர்ந்தால் அது வந்துசேர 80 அல்லது 100 நானோ விநாடி ஆகலாம். 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு இது ஏறத்தாழ 250 முதல் 300 துடிப்புகள். துடிப்புக்கு நான்கு வீதம் கட்டளைகள் வந்தால் 192 இடங்களும் 48 துடிப்புகளில் நிரம்பிவிடும். அதன்பின் கோர் வெறுமனே நிற்கும். பட்டியல் நீளமாக இருந்தால், முதல் தரவு வந்துசேர்வதற்குள் அடுத்தடுத்துத் தேவைப்படும் தரவுகளையும் முன்கூட்டியே கேட்டு வைக்க முடியும். ஒவ்வொரு கோரும் தனக்கென வைத்திருக்கும் எல்2 கேஷிலும் இதே கதைதான்: பழைய கோருக்கு 256 கேபி, புதியதற்கு 1.25 எம்பி. 35 எம்பி என்று பெரிதாகத் தெரியும் ஜியானின் எல்3 கேஷும் கோர் ஒன்றுக்கு 2.5 எம்பி என்றுதான் பிரிகிறது. ஐ5-இல் அது 3 எம்பி.

இவை எல்லாம் சேர்ந்து, ஒரே திரெட்டில் நடக்கும் வேலையில் புதிய கோரைப் பழையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக்குகின்றன. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சரியாக இரு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஐ5-இன் ஆறு கோர்கள் பழைய கோர் அளவீட்டில் 12-க்குச் சமம். ஜியானிடமோ 14 இருக்கின்றன. மொத்த வலிமையில் ஜியான்தான் சற்று முன்னே நிற்கிறது. ஆனால் அந்த மொத்த வலிமையைப் பயன்படுத்த, வேலை முழுவதையும் 14 பங்காகப் பிரிக்க முடிய வேண்டும்.

ஐபிஎம்மில் பெருங்கணினிகளை வடிவமைத்த ஜீன் அம்டால் 1967-இல் எடுத்துரைத்த வாதம் இங்கேதான் வருகிறது. எந்த வேலையிலும் பிரிக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். எத்தனை புராசசர்களைச் சேர்த்தாலும் அந்தப் பகுதிக்கான நேரம் குறையாது. பழைய கோர் ஒன்றில் 100 நிமிடம் எடுக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். அதில் 90 நிமிடப் பகுதி பிரிக்கக்கூடியது, 10 நிமிடப் பகுதி பிரிக்க முடியாதது. ஜியானில் 10 நிமிடத்துடன், 90-ஐ 14-ஆல் வகுத்து வரும் 6.4-ஐயும் சேர்த்தால் 16.4 நிமிடம். ஐ5-இல் பிரிக்க முடியாத பகுதி பாதியாகி 5 நிமிடம், பிரிந்த பகுதி 90-ஐ 12-ஆல் வகுத்து 7.5 நிமிடம், ஆக 12.5 நிமிடம். இரண்டும் சமமாக முடியும் புள்ளி எது என்று இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் விடை 43-இல் 42 பங்கு, அதாவது சுமார் 97.7 விழுக்காடு என்று வருகிறது. வேலையில் வெறும் 3 விழுக்காடு பிரிக்க முடியாததாக இருந்தாலே ஜியான் பின்தங்கிவிடும். முழு வேலையும் பழுதறப் பிரிந்தால்கூட அது வெல்வது 17 விழுக்காடு அளவுக்கே.

சி++ மொழியில் எழுதிய ஒரு பெரிய நிரலைத் தொகுக்கும்போது, அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும்போது, இது கண்கூடாகத் தெரியும். நூற்றுக்கணக்கான மூலக் கோப்புகளும் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் தொகுக்கப்படும் கட்டத்தில் ஜியானின் 28 திரெட்களும் நிரம்பி வழியும். பார்க்க நிறைவாக இருக்கும். அது முடிந்து, உண்டான துண்டுகளை ஒன்றாகக் கோக்கும் லிங்கர் ஓடத் தொடங்கியதும், வழக்கமான லிங்கர்களில் ஒரே ஒரு திரெட் மட்டும் உழைக்க, மற்ற 27-உம் சும்மா இருக்கும். நிரலில் ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் தொகுப்பவருக்குத் தொகுப்பது ஒரே கோப்பு, பிறகு லிங்கர். நாள் முழுவதும் அவர் சந்திக்கப்போவது அந்த ஒற்றைத் திரெட் வேகத்தைத்தான். இணைய உலாவியில் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், விரிதாளில் ஒன்றையொன்று சார்ந்த சூத்திரங்கள், பெரும்பாலான கணினி விளையாட்டுகளின் முதன்மைத் திரெட் ஆகியவையும் இந்த வகையே.

அப்படியானால் பழைய ஜியானுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அது பெரும்பாலும் கோர்களைவிட நினைவகத்தைச் சார்ந்த வேலை. இ5-2680 வி4-க்கு நான்கு நினைவக வழிகள் உண்டு. டிடிஆர்4-2400 ரேமில் வழி ஒன்றுக்கு விநாடிக்கு 19.2 ஜிபி வீதம் மொத்தம் 76.8 ஜிபி. இரண்டே வழிகள் கொண்ட ஐ5, டிடிஆர்4-3200 ரேமுடன் 51.2 ஜிபி தரும். ஒரு பெரிய மொழி மாதிரியை வீட்டுக் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்த எண்தான் முதன்மையானது. மாதிரி 40 ஜிபி இடம் பிடிக்கிறது என்றால், அது வெளியிடும் ஒவ்வொரு சொற்துண்டுக்கும் அந்த 40 ஜிபியையும் ரேமிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். ஜியானில் விநாடிக்கு அதிகபட்சம் 1.9 துண்டு, ஐ5-இல் 1.3. ஆனால் அதே ஐ5-ஐ டிடிஆர்5-4800 ரேம் பொருந்தும் மதர்போர்டில் வைத்தால் இரண்டு வழிகளிலேயே அதே 76.8 ஜிபி கிடைத்துவிடுகிறது. ஆறு ஆண்டு இடைவெளியில் சர்வரின் சிறப்பு மேசைக் கணினியின் இயல்பாகிவிட்டது.

ரேமின் கொள்ளளவில் மட்டும் மேசைக் கணினி இன்னும் எட்டாத தொலைவில் இருக்கிறது. இந்த ஜியான் ஏறத்தாழ 1.5 டெராபைட் ரேமை ஏற்கும். அதற்குரிய, சர்வர்களுக்கென்றே அமைந்த ரெஜிஸ்டர்டு ரேமும் தரவு மையங்களிலிருந்து சேர்ந்தே கழிக்கப்படுகிறது. சாதாரண மேசைக் கணினியின் மதர்போர்டில் அது வேலை செய்யாது என்பதால் அதைத் தேடுவோர் குறைவு. பத்துப் பதினைந்து மெய்நிகர் கணினிகளை ஒரே பெட்டியில் ஓட்ட நினைப்பவருக்கும், ஒரு தரவுத்தளம் முழுவதையும் ரேமில் வைத்துக்கொள்ள வேண்டியவருக்கும் இது உண்மையான லாபம். கூடவே பிழை திருத்தும் இசிசி வசதியும் வருகிறது. ரிச்சர்ட் ஹேமிங் 1950-இல் வெளியிட்ட முறையின் வழிவந்த இதில், ஒவ்வொரு 64 பிட் தரவுடனும் 8 சரிபார்ப்பு பிட்கள் சேமிக்கப்பட்டு, ஒரு பிட் பிறழ்ந்தால் தானே திருத்தப்படும், இரண்டு பிறழ்ந்தால் கண்டறியப்படும். கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ரேம் பலகைகளில் ஏதேனும் பிழை தோன்றியதாகக் கூறியது. குடும்பப் படங்களை ஆண்டுக்கணக்கில் காக்கப்போகும் சேமிப்புக் கணினிக்கு, என் கருத்தில், வேகத்தைவிட இது பெரிது.

கூடுதல் கார்டுகளைப் பொருத்துவதற்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் ஜியானில் 40, ஐ5-இல் 20. ஐ5-இன் லேன்கள் ஒவ்வொன்றும் வேகமானவை; ஆனால் மூன்று நான்கு கார்டுகளைப் பொருத்த வேண்டியவருக்கு எண்ணிக்கைதான் உதவும்.

இனிச் செலவுப் பக்கம். புராசசர் மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தாங்கும் எல்ஜிஏ 2011-3 என்னும் பொருத்துவாய் கொண்ட மதர்போர்டு அப்படிக் கிடைப்பதில்லை; சர்வர்களிலிருந்து வருபவை பலவும் சாதாரணக் கணினிப் பெட்டிக்குள் பொருந்தாத அளவும் வழக்கத்துக்கு மாறான மின் இணைப்பும் கொண்டவை. இந்த இடைவெளியை நிரப்பச் சீனத் தயாரிப்பாளர்கள் எக்ஸ்99 என்ற பெயரில் விற்கும் போர்டுகளில் சில, அந்தப் பெயருக்குரிய சிப்செட்டையே கொண்டிருப்பதில்லை. ஜியான் இ5 வரிசையில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் தனிக் கார்டு வேண்டும். ஐ5-12400-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்திலும் பழைய சர்வர் தளம் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். அந்த வேறுபாடு 60 வாட் என்று கொண்டால், இரவும் பகலும் ஓடும் கணினிக்கு ஆண்டுக்கு 525 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் சுமார் 88 யூனிட். அடுக்கு முறைக் கட்டணத்தில் இது வீட்டின் மொத்தப் பயன்பாட்டையே மேல் அடுக்குக்குத் தள்ளக்கூடும்.

வயதுக்கும் ஒரு விலை உண்டு. 2012-இல் வந்த முதல் தலைமுறை இ5 ஜியான்களில், பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிட உதவும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை. அவற்றை எதிர்பார்க்கும் மென்பொருள் அங்கே தொடங்கவே தொடங்காது. 2014-இல் வந்த மூன்றாம் தலைமுறையான வி3-இலிருந்துதான் அவை உள்ளன. ஆகவே பழையதைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தாலும் வி3-க்குக் கீழே போக வேண்டாம். வி4 உட்பட இவை எதுவும் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வ ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட, ஒரு நிரல் தான் பார்க்கக் கூடாத நினைவகத்தைப் படிக்க வழிவிடும் மெல்ட்டவுன் குறைபாடு இந்த வன்பொருளிலேயே உள்ளது; அதை மென்பொருள் வழியே அடைக்கும்போது சில வேலைகளில் வேகம் சற்றுக் குறைகிறது. லினக்ஸ் ஓட்டப்போகிறவருக்கு இவற்றுள் பாதிக் கவலை இல்லை.

தன் வேலை எந்த வகை என்பதை, இப்போது கையில் இருக்கும் கணினியிலேயே ஒருவர் சோதித்துப் பார்த்துவிடலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் சிபியு வரைபடத்தை லாஜிகல் புராசசர் (அதாவது திரெட்) வாரியாகப் பிரித்துக் காட்டும்படி மாற்றலாம். லினக்ஸில் டாப் கட்டளையைத் தொடங்கி 1 என்ற விசையை அழுத்தினால் போதும். நேரம் பிடிக்கும் வேலை ஓடும்போது எல்லாக் கட்டங்களும் ஒருசேர நிரம்புகின்றனவா, அல்லது ஒன்றிரண்டு மட்டும் உச்சியில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மொத்த விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் ஏமாறக்கூடும். 28 திரெட்கள் கொண்ட ஜியானில் ஒரே திரெட் முழு மூச்சில் திணறிக்கொண்டிருந்தாலும் மொத்தப் பயன்பாடு 4 விழுக்காடு என்றுதான் காட்டும். இயங்குதளம் அந்தத் திரெட்டை அவ்வப்போது ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுவதும் உண்டு என்பதால், கட்டங்களில் உச்சி இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடமாவது தொடர்ந்து கவனித்தால்தான் அது தெரியவரும்.