ஊசி அளவு குறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை

மறுபடியும் ஒரு குழந்தை. ஒன்பது வயதுச் சிறுவன். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், நெஞ்சு முழுவதும் ஏறி இறங்க ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அருகில் குனிந்தால் பழம் அழுகிய வாடை. காலையிலிருந்து வாந்தி, வயிற்று வலி, ஏதோ ஒத்துக்கொள்ளாததைத் தின்றிருப்பான் என்றார் தகப்பனார். விரலில் குத்தி ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தோம். எண் வரவில்லை, 'ஹை' என்றுதான் காட்டியது. இன்சுலின் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றுபோனது. பிறகு பைக்குள்ளிருந்து ஒரு லேகிய டப்பா வந்தது. ஊசியை நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

பையன் பிழைத்துக்கொண்டான். இந்த நிலையில் வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிலருக்கு மூளை வீங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எங்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

டைப் 1 என்பது உடலின் எதிர்ப்பு அணுக்களே கணையத்தைத் தாக்கி, இன்சுலின் சுரப்பை இல்லாமல் செய்யும் சர்க்கரை நோய். அது உள்ள குழந்தைகள் ஊசியை நிறுத்திவிட்டு இப்படி வருவது எனக்குப் பழகிப்போயிருக்க வேண்டும். பழகவில்லை. எரிச்சல்தான் கூடுகிறது. அந்தப் பெற்றோர் மீது அல்ல. அவர்கள் படித்தவர்கள், மகனுக்காக உயிரையே கொடுக்கக்கூடியவர்கள். கண்ணால் கண்டதைத்தான் நம்பினார்கள். அவர்கள் கண்டது என்ன என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோய் தெரியவந்த அன்று குழந்தையின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் எல்லாமே செத்துப்போயிருப்பதில்லை. ஒரு பகுதி மிச்சம் இருக்கும். ஆனால் ரத்தத்தில் ஏறிக் கிடக்கும் சர்க்கரையே அவற்றை ஓயவைத்திருக்கும். வெளியிலிருந்து ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கியதும் மிச்சமுள்ள செல்கள் மூச்சுவிட்டுக்கொண்டு மீண்டும் சுரக்கத் தொடங்கும். அதனால் ஊசியின் தேவை இறங்கும். ஒரு நாளைக்கு 18 யூனிட் போட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு 6 யூனிட்டே போதும் என்ற நிலைகூட வரும். மருத்துவர்கள் இதை ஹனிமூன் காலம் என்கிறோம். எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதில்லை, ஆனால் பலருக்கு வருகிறது. சில மாதங்கள் நீடிக்கும், அரிதாக ஓர் ஆண்டைத் தாண்டும். அதற்குள்ளும் உடலின் எதிர்ப்பு அணுக்கள் பீட்டா செல்களைத் தாக்குவதை நிறுத்துவதே இல்லை.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன முதல் மாதத்தில்தான் பெரியம்மாவும் அடுத்த வீட்டுக்காரரும் ஏதோ ஒரு வைத்தியரின் விலாசத்தோடு வருகிறார்கள். அந்த மாதத்தில்தான் லேகியமோ சூரணமோ சிறுகுறிஞ்சான் பொடியோ தொடங்குகிறது. அதே மாதத்தில்தான் ஹனிமூன் காலமும் தொடங்குகிறது. ஊசி அளவு வாரா வாரம் இறங்குகிறது. கோழி கூவித்தான் பொழுது விடிந்தது என்கிற கதையாக, பெயர் லேகியத்துக்குப் போய்ச் சேருகிறது. ஒன்றும் கொடுக்காத குழந்தைக்கும் இதே அளவு இறங்கியிருக்கும் என்று நான் சொன்னால், "உங்களுக்கு நம் மருத்துவம் என்றாலே ஆகாது டாக்டர்" என்கிறார்கள்.

'என் மகளுக்குச் சர்க்கரை நோய் குணமாகிவிட்டது' என்று கண் கலங்கிப் பேசும் காணொளிகளை எனக்கு அனுப்பிவைப்பவர்கள் உண்டு. பேசுபவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நோய் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, காணொளி எப்போது எடுக்கப்பட்டது என்ற இரண்டு தேதிகளையும் கேட்டுப் பாருங்கள். நான் விசாரிக்க முடிந்தவரை, எல்லாமே முதல் ஓராண்டுக்குள் எடுக்கப்பட்டவை. நோய் வந்து ஐந்து ஆண்டு கழித்து, ஊசி இல்லாமல் பள்ளிக்கூடம் போகும் ஒரு டைப் 1 குழந்தையை யாராவது காட்டட்டும். உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பல ஆண்டு மெனக்கெட்டுக் கொண்டுவந்த மருந்து டெப்லிசுமாப். 2022 நவம்பரில்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் நோயைக் குணப்படுத்தவில்லை. அறிகுறி தொடங்கும் முன்பே கொடுத்தால், நோய் வருவதை ஏறத்தாழ இரண்டு ஆண்டு தள்ளிப்போடுகிறது. லேகியம் அதைவிடப் பெரிய வேலை செய்கிறது என்றால் அதற்கு நோபல் பரிசே தரலாம், பரிந்துரைக் கடிதம் நான் எழுதித் தருகிறேன்.

(சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தை என்றால் மரபணுப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். அவர்களில் சிலருக்கு ஊசியை நிறுத்தி மாத்திரையால் சமாளிக்க முடியும். அது வேறு நோய், ஆய்வில் நிரூபணமான உண்மை. டைப் 1-க்கு அதை உதாரணம் காட்டுபவர்களிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.)

மற்ற கேள்விகளுக்கு வேகமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். இனிப்பு அதிகம் கொடுத்ததால் இது வரவில்லை. கர்ப்பத்தில் தாய் எதையோ தின்றதாலும் வரவில்லை, மாமியார்கள் தயவுசெய்து கவனிக்கவும். இன்சுலின் பழக்கமாகிவிடாது. உடல் தானே செய்துகொள்ள வேண்டிய பொருளைத்தான் நாம் வெளியிலிருந்து தருகிறோம். மாத்திரையாக ஏன் தருவதில்லை என்றால், அது புரதம், வயிற்றில் செரித்துப்போகும்.

இன்சுலின் இல்லாத உலகம் எப்படி இருந்தது என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 1922-க்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் கொடுத்த சிகிச்சை பட்டினி. அதில் சில மாதங்கள், அதிகம் போனால் ஓரிரு ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. 1922 ஜனவரி 11 அன்று டொரோண்டோவில் லெனார்ட் தாம்ப்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்து சுத்தமாக இல்லாததால் பெரிய பலனில்லை. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துத் தர, 23-ம் தேதி மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மருத்துவர் பாண்டிங்கிடம் வந்தபோது, பட்டினி சிகிச்சையால் அவளுடைய எடை சுமார் 20 கிலோதான். வயதோ 15-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. எலிசபெத் ஊசியோடு படித்தார், திருமணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார், 1981-ல் 73 வயதில் இறந்தார். பெண்ணுக்கு ஊசி போடுவது வெளியே தெரிந்தால் கல்யாணம் ஆகாது என்று என் அறைக்குள் குரலைத் தாழ்த்துகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது இளைஞர்களுக்கு. பள்ளி முடியும் வரை அம்மா ஊசி போட்டுவிட்ட பிள்ளை, கல்லூரி விடுதிக்குப் போனதும் காணாமல் போய்விடுகிறது. நான்கு வேளை ஊசி இரண்டாகிறது, மீட்டருக்கு ஸ்ட்ரிப் வாங்குவது நின்றுவிடுகிறது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, வேலைக்குப் போன பிறகு ஒழுங்காகிக்கொள்கிறேன் என்கிறார்கள். 13 முதல் 39 வயது வரையிலான 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு அந்தக் கால வழக்கப்படி தினம் ஒன்றிரண்டு ஊசி. இன்னொரு பிரிவினருக்கு மூன்றோ அதற்கு மேலோ ஊசி அல்லது இன்சுலின் பம்ப், அடிக்கடி பரிசோதனை. இரண்டாவது பிரிவில் புதிதாகக் கண் விழித்திரை பாதிப்பு வருவது 76 சதவீதம் குறைந்தது. நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. ஆய்வை ஓர் ஆண்டு முன்பாகவே நிறுத்தி முடிவை அறிவித்தார்கள். சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துபோவது அந்தப் பிரிவில் சுமார் மூன்று மடங்கு இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஆய்வு முடிந்ததும் இரண்டு பிரிவினரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. ஆனாலும் முதலில் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களுக்குக் கண்ணும் சிறுநீரகமும் இதயமும் பல ஆண்டுகள் நன்றாகவே இருந்தன. முதலில் கோட்டைவிட்டவர்கள் பின்னால் ஒழுங்கானபோதும் அந்த இடைவெளியைப் பிடிக்க முடியவில்லை. விடுதியில் வீணாக்கும் நான்கு ஆண்டு பிறகு திரும்பக் கிடைக்காது தம்பி.

நோயே இன்னும் தெரியாத வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரவில் படுக்கையை நனைக்காத குழந்தை மறுபடி நனைக்க ஆரம்பித்தால் அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள், ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். தண்ணீர்ப் பாட்டிலை ஓயாமல் காலி செய்வது, நன்றாகத் தின்றும் மெலிவது, சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது எல்லாம் அதே கதைதான். ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிடம் போதும். இத்தாலியின் பார்மா பகுதியில் இந்த அறிகுறிகளைப் படம் போட்டுப் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் ஒட்டினார்கள். அதற்கு முன் புதிதாக நோய் தெரிந்த 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 78 சதவீதம் பேர், முதலில் சொன்ன பையனைப் போல, ரத்தம் அமிலமான நிலையில் வந்தார்கள். பிரசாரத்துக்குப் பின் அது 12.5 சதவீதம் ஆனது. பெரிய செலவு ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பள்ளிச் சுவர்களில் இடமில்லையா?

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. குழந்தைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை முழுமையாக நிறுத்தாதீர்கள். சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு என்ற நியாயம்தான் பாதிப் பேரை எங்களிடம் கொண்டுவருகிறது. அளவை மாற்ற வேண்டியிருக்கும், போன் செய்து கேளுங்கள். இன்சுலின் போதாதபோது ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோனைச் சோதிக்கும் ஸ்ட்ரிப் வீட்டில் இருக்கட்டும்.

மருந்துக் கடையில் ஊசிக் குழலை வாங்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் இழுத்தால் குழந்தைக்கு இரண்டரை மடங்கு போய்விடும். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றால் கடையை மாற்றுங்கள்.

மருந்தை ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் வீண். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண் சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் சிறு சட்டியை இறக்கி, மருந்தை ஈரம் படாமல் அதில் வைத்தால் போதும். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி விழும். கட்டி மேல் போடும் மருந்து ஒழுங்காக ஏறாது. வயிறு, தொடை என்று இடம் மாற்றுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போய்க் குழந்தை வியர்த்து நடுங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

ஆசிரியர்களே, அந்தப் பிள்ளை வகுப்பு நடுவே பிஸ்கட் தின்றால் திட்டாதீர்கள், கழிவறைக்குப் போகக் கேட்டால் தடுக்காதீர்கள். தேர்வு அறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதி தந்துவிட்டது.

லேகியம் கொடுத்தே தீருவோம் என்கிற வீடுகளும் இருக்கும், எனக்குத் தெரியும். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மீறிக் கொடுத்தால் ஊசியை ஒரு வேளைகூட விடாதீர்கள், என்னிடம் மறைக்கவும் செய்யாதீர்கள். டப்பாவை அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். திட்டுவேன். ஆனாலும் எடுத்து வாருங்கள்.