டார்லோவ் சிஸ்ட்: யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேண்டாம்

எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல "டார்லோவ் சிஸ்ட்"னு ஒரு வரிய பாத்துட்டு கேன்சரோன்னு பயந்து வர்றவங்க நிறைய. கேன்சர் இல்லங்க. டார்லோவ்ங்கற அமெரிக்க நியூரோ சர்ஜன் 1938ல முதல்ல எழுதின நீர்க்கட்டி இது. முதுகெலும்போட அடியில, சேக்ரம் எலும்புக்குள்ள, பெரும்பாலும் எஸ்2, எஸ்3, அதாவது சேக்ரத்தோட ரெண்டாவது, மூணாவது நரம்பு வேர்ல வரும், உள்ள இருக்கறது தண்டுவடத்த சுத்தி இருக்கற அதே தண்ணிதான். பாதிக்கு மேல பேருக்கு இது எந்த தொந்தரவும் பண்ணாது, வேற எதுக்கோ எடுத்த ஸ்கேன்ல தற்செயலா தெரியும், அவங்களுக்கு கத்தி வைக்கவே கூடாது.

ஆனா சிலருக்கு வலி நிஜமாவே இதாலதான். உக்காந்தா வலி, இருமினா சுரீர்னு இழுக்கும், படுத்தா குறையும், உக்கார்ற எடத்துல எரிச்சல், மரமரப்பு, ஒண்ணுக்கு போறதுல சிக்கல். பெண்களுக்குத்தான் அதிகம், கூச்சப்பட்டு வெறும் இடுப்பு வலின்னு மட்டும் சொல்லிட்டு வருஷக்கணக்கா மாத்திரை போடுவாங்க. தயவுசெஞ்சு முழுசா சொல்லுங்கம்மா, ஸ்கேன் படத்த விட நீங்க சொல்றத வச்சுதான் நாங்க முடிவே எடுக்கறோம்.

டிஸ்க், இடுப்பு மூட்டுன்னு வேற காரணம் இல்லன்னு பாத்து, மாத்திரை, பிசியோ எல்லாம் செஞ்சும் கேக்கலன்னா அடுத்தது சிடி ஸ்கேன் பாத்துகிட்டே ஊசியால தண்ணிய எடுக்கறது. எடுத்ததும் வலி விட்டா காரணம் இந்தக் கட்டிதான்னு ஓரளவு நம்பலாம், ஆனா வெறுமனே எடுத்தா பெரும்பாலும் திரும்ப ரொம்பிடும், அதனால சில சென்டர்ல கூடவே ஃபைப்ரின் க்ளூ (ரத்தம் உறையற புரதத்துல செஞ்ச பசை) போடறாங்க.

ஆபரேஷன்னா பின்பக்க எலும்ப கொஞ்சம் எடுத்துட்டு மைக்ராஸ்கோப்ல வேலை. கட்டியோட சுவர் மெல்லிசு, அதுலயே நரம்பு இழைங்க வெள்ளை வெள்ளையா ஓடறது கண்ணுக்கு தெரியும், அதனாலதான் "மொத்தமா வெட்டி எடுத்துடுங்க டாக்டர்"னு கேட்டா முடியாதுங்கறோம். திறந்து தண்ணிய வடிச்சு, சுவர மடிச்சு தைச்சு, சுத்தி கொழுப்போ தசையோ வச்சு க்ளூ போட்டு மூடுவோம், நரம்பு மானிட்டரிங் ஓடிட்டே இருக்கணும். 1.5 செ.மீ.க்கு மேல இருந்து அறிகுறியும் அதோட பொருந்துனா பலன் நல்லா இருக்கு. ரிஸ்க்னா முக்கியமா தண்ணி கசிவு, இன்ஃபெக்ஷன், நரம்பு பாதிப்பு. பல வருஷம் நசுங்கின நரம்பு முழுசா திரும்பாமலும் போகலாம், இத ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட உக்காந்து பேசிடுங்க.

திடீர்னு ஒண்ணுக்கு வராம அடைச்சாலோ, உக்கார்ற எடம் மொத்தமா மரத்துப்போனாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, அன்னிக்கே எமர்ஜென்சிக்கு போயிடுங்க.