சிறைச் சீர்திருத்தத்துக்கு நிதி என்றால், அது எந்தத் தலைப்பில் போகிறது என்று பாருங்கள்

சிறைச் சீர்திருத்தத்துக்கு இவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்று எந்த நாட்டு அரசு அறிவித்தாலும் நான் முதலில் பார்ப்பது தொகையை இல்லை, அந்தப் பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் போகிறது என்பதைத்தான். கட்டடத்துக்கா, கேமராவுக்கா, சுற்றுச்சுவருக்கா, இல்லை ஆளுக்கா? நன்னடத்தை அலுவலராக, அதாவது குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியே விடும்போது அவரைக் கண்காணிக்கும் அலுவலராக, வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்தவரை கட்டடத்துக்குக் கேட்டால் பணம் வந்துவிடுகிறது, ஆளுக்குக் கேட்டால் கோப்பு திரும்பி வருகிறது. புதுக் கட்டடம் என்றால் திறப்பு விழா இருக்கும், படம் வரும். காலியாக இருந்த ஒரு பணியிடம் நிரம்பினால் அதை யாரும் திறந்துவைக்க முடியாது.

ஆனால் அந்த ஒரு பணியிடம் என்ன செய்யும் தெரியுமா? ஒருவர் முதல்முறையாகத் தப்பு செய்து, குற்றம் நிரூபணமாகி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறைக்கு அனுப்புவதா, நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடுவதா என்று நீதிபதி முடிவெடுக்க எங்களிடம் ஓர் அறிக்கை கேட்பார். நாலைந்து பக்கம்தான் இருக்கும். ஆனால் அதை எழுத அவர் வீட்டுக்குப் போக வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும், வேலை கொடுத்தவர் திரும்பச் சேர்த்துக்கொள்வாரா என்று நேரில் கேட்க வேண்டும், குடிப்பழக்கம் இருந்தால் சிகிச்சைக்கு எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்துவைக்க வேண்டும். ஒருவருக்கே சில நாள் பிடிக்கும் வேலை இது. ஓர் அலுவலர் மூன்று பேர் வேலையைப் பார்க்கிற இடத்தில், போய்வரப் பயணப்படிகூட ஒழுங்காக வராத இடத்தில், அறிக்கை தாமதமாகும், அல்லது யாரையும் பார்க்காமல் மேஜையிலேயே எழுதப்படும். அதை நம்பி ஒருவரை வெளியே விட எந்த நீதிபதிக்கும் தயக்கம் இருக்கத்தான் செய்யும். அப்போது கையில் மிஞ்சுவது சிறைத்தண்டனை ஒன்றுதான்.

இந்தத் துறையே ஒரு தனிமனிதரின் கைக்காசில் ஆரம்பித்தது. ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி 1841-ல் பாஸ்டன் நீதிமன்றத்தில் ஒரு குடிகாரருக்குப் பிணை நின்று, அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அப்புறம் அவர் இப்படிப் பிணை நின்றவர்கள் கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர் ஆகிவிட்டார்கள். அவர் இறந்தது 1859-ல். சம்பளம் வாங்கும் நன்னடத்தை அலுவலரை நியமிக்க மாசசூசெட்ஸில் சட்டம் வந்தது 1878-ல்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்பவர் ஒருவர், அதற்குப் பணம் கொடுப்பவர் வேறொருவர். கலிபோர்னியாவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. நன்னடத்தைக் கண்காணிப்புக்கான செலவு உள்ளூர் மாவட்டத்தின் தலையில், சிறைச் செலவு மாநில அரசின் தலையில். அப்படியென்றால் ஆளை உள்ளே தள்ளிவிட்டால் மாவட்டத்துக்கு ஒரு காசும் செலவில்லை! 1965-ல் மாநில அரசு இதை மாற்றியது. வழக்கமாக அனுப்பும் எண்ணிக்கையைவிட எத்தனை பேரைக் குறைத்து அனுப்புகிறீர்களோ, தலைக்கு 4,000 டாலர் வரை தருகிறோம், அதைக் கண்காணிப்புப் பணிக்குச் செலவழியுங்கள் என்றது. அனுப்பப்படுவோர் எண்ணிக்கை குறைந்தது. குற்றச் சட்டத்தில் தண்டனையின் அளவைக்கூட மாற்றவில்லை, பணம் போகிற வழியைத்தான் மாற்றினார்கள்.

டெக்சாஸ் சொன்னால் இன்னும் நம்புவீர்கள், ஏனென்றால் கடுமையான தண்டனைக்குப் பேர்போன மாநிலம் அது. 2007-ல், ஐந்து வருடத்தில் சிறைகளில் இன்னும் 17,000-க்கும் மேற்பட்ட கைதிகளுக்குப் படுக்கைகள் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். சட்டமன்றம் அத்தனை சிறை கட்டுவதற்குப் பதிலாக, சுமார் 24 கோடி டாலரைப் போதை சிகிச்சை, மனநல உதவி, கண்காணிப்புப் பணி என்று ஒதுக்கியது. 2011-ல் அந்த மாநிலம் தன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு சிறையை மூடியது.

மூடியது என்பது முக்கியம். ஒரு சிறையில் 50 பேர் குறைந்தால் மிச்சமாவது சாப்பாடு, துணி, மருந்துச் செலவு மட்டுமே. காவலர் சம்பளம், மின்சாரம், பராமரிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். பெரிய தொகை கைக்கு வர வேண்டுமென்றால் ஒரு பிரிவையோ ஒரு சிறையையோ மொத்தமாக மூட வேண்டும். அதற்குச் சில வருடம் ஆகும், அதற்கு முன்பே சிறைக்கு வெளியே கண்காணிப்புக்கும் சிகிச்சைக்கும் செலவழித்தாக வேண்டும். "மிச்சம் வரட்டும், அப்புறம் தருகிறோம்" என்று சொல்கிற நிதித்துறைக்கு மிச்சம் வரவே வராது. இரண்டு செலவையும் சேர்த்துத் தாங்க வேண்டிய அந்தச் சில வருடங்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதுதான் ஒரு திட்டம் உண்மையானதா என்று காட்டும்.

சரி, தனியாரிடம் கொடுத்து, பலன் வந்தால் மட்டும் பணம் தருவோம் என்றால்? இங்கிலாந்தும் வேல்ஸும் அதைச் செய்துபார்த்தன. 2014-ல் நன்னடத்தைச் சேவையைப் பிரித்து, குறைந்த, நடுத்தர அபாயம் உள்ள ஆட்களை 21 நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். மறுபடி குற்றம் செய்கிறவர்கள் குறைந்தால் கூடுதல் பணம் என்று ஒப்பந்தம். அந்த நிறுவனங்களுக்குப் பணம் எதிர்பார்த்தபடி வராமல் போகவே, ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு போன் கால் என்பதே பலருக்குக் கண்காணிப்பு என்றாகிவிட்டது. 2021-ல் எல்லாவற்றையும் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்காமல் ஒருவர் மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டாரா என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

சிறைக்கு உள்ளேயும் செலவழிக்க வேண்டியது இருக்கிறது, மறுக்கவில்லை. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013-ல் அந்நாட்டுச் சிறைக் கல்வி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. உள்ளே படித்தவர்கள் மறுபடி குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவு, கல்விக்குப் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் மறுபடி சிறையில் அடைக்கும் செலவில் 4 முதல் 5 டாலர் மிச்சம் என்றது. ஆசிரியர் சம்பளம் அப்படி ஒன்றும் பெரிய செலவில்லை. ஆனாலும் பட்ஜெட்டில் வெட்டு விழும்போது முதலில் விழுவது அதில்தான்.

விடுதலை நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் ஒரு பை, உள்ளே போகும்போது போட்டிருந்த உடை, காலாவதியான அடையாள அட்டை. அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் உதவித்தொகை இல்லை, முகவரி இல்லாமல் இரண்டுமே இல்லை. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐநாவின் நெல்சன் மண்டேலா விதிகளில் 108-வது விதி இதையேதான் சொல்கிறது: வெளியே வருகிறவருக்கு உரிய ஆவணம், தங்க இடம், வேலை, பருவத்துக்கேற்ற உடை, ஊர் போய்ச் சேரப் பணம். வெள்ளிக்கிழமை வெளியே வந்தால் இரண்டு நாள் எந்த அலுவலகமும் திறந்திருக்காது. அதனால் உதவி தேவைப்படுகிறவரை ஓரிரு நாள் முன்பே விடலாம் என்று இங்கிலாந்தில் 2023-ல் தனிச் சட்டமே போட்டார்கள். கிட்டத்தட்ட செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

உங்கள் வரிப்பணம் இது, அதனால் கேளுங்கள். தகவல் கேட்கும் சட்டம் இருக்கிற இடத்தில் மனு போட்டே கேளுங்கள். எத்தனை நன்னடத்தை அலுவலர் பணியிடம், அதில் எத்தனை காலி? ஒருவரிடம் எத்தனை பேர் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள்? நீதிமன்றம் கேட்ட அறிக்கைகளில் எத்தனை உரிய தேதிக்குள் போய்ச் சேர்ந்தன? போன வருடம் மறுவாழ்வுக்கு ஒதுக்கியதில் எவ்வளவு செலவழிக்கப்படாமல் திரும்பிப் போனது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.