பாஷன் ஃப்ரூட்டில் 'பாஷன்' எங்கிருந்து வந்தது?

பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வீட்டு வேலிகளில் படர்ந்து ஊதா நிறத்தில் காய்க்கும் பழத்துக்கு இலங்கைத் தமிழில் கொடித்தோடை என்று பெயர். அதன் சாற்றோடு சீனி சேர்த்துப் போத்தலில் அடைத்தால் பாஷன் ஃப்ரூட் கோர்டியல். இந்த 'பாஷன்' காதல், மோகம் சம்பந்தப்பட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரிய வெள்ளியன்று மாதா கோவிலில் வாசிப்பார்களே, இயேசு சிலுவையில் பட்ட துன்பங்களைச் சொல்லும் அந்தத் திருப்பாடுகள். லத்தீனில் 'பாஸியோ' என்றால் துன்பப்படுதல்.

பெயர் பழத்தைப் பார்த்து வைத்ததும் அல்ல. தென் அமெரிக்காவுக்குப் போன ஸ்பானியப் பாதிரிமார் இந்த இனத்துக் கொடிகளின் பூவில் சிலுவைப் பாடுகளைக் கண்டார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் 'பாசிஃப்ளோரா' என்று அதையே அறிவியல் பெயராக்கினார்.

காலையில் விரிந்த பூ ஒன்றைக் கிட்ட வைத்துப் பாருங்கள். நடுவில் மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகள்: மூன்று ஆணிகள். அவற்றுக்குக் கீழே ஐந்து மகரந்தப் பைகள்: ஐந்து காயங்கள். சுற்றிலும் நுனி வெள்ளையாகவும் அடி ஊதாவாகவும் நிற்கும் இழைகள் முள்முடி. வெளியே இதழ்கள் பத்து. யூதாசையும், மறுதலித்த பேதுருவையும் விட்டால் சீடர்களும் பத்துப் பேர்தான். சுருண்ட பற்றுக்கொடி சாட்டை.

அந்த முள்முடிக்குச் செடி வைத்திருக்கும் வேலை வேறு. தேன் இருப்பது இழைகளின் அடியில், வட்டமான ஒரு பள்ளத்துக்குள். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு அந்த வட்டத்தைச் சுற்றி வரும்போது, மேலே கவிழ்ந்திருக்கும் மகரந்தப் பைகள் அதன் முதுகில் உரசும். பூ விரியும்போது நிமிர்ந்திருக்கும் சூல்முடிகள் கொஞ்ச நேரத்தில் கீழே வளைந்து, வண்டின் முதுகு படும் உயரத்துக்கு வந்துவிடும். உடம்பு சிறிய தேனீக்கோ அந்த உயரம் எட்டாது. மலையகத்து ஊதா வகை தன் மகரந்தத்திலேயே காய்க்கும். தாழ்நிலத்தில் நன்றாக வளரும் மஞ்சள் வகைக்கு இன்னொரு கொடியின் மகரந்தம் வேண்டும், அதனால் கருவண்டு வராவிட்டால் காய்ப்புக் குறைந்துவிடும்.

கொடித்தோடை என்ற நம் பெயர் நாக்கிலிருந்து பிறந்தது. தாவரவியலில் தோடைக்கும் (ஆரஞ்சு) இதற்கும் உறவு கிடையாது, இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனால் இரண்டின் புளிப்புக்கும் முக்கிய காரணம் சிட்ரிக் அமிலம்தான். 'கொடியில் காய்க்கும் தோடை' என்று சொன்னவர்கள் சுவையைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

கோர்டியல் லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதயத்துக்குத் தெம்பு தரும் மருந்துக்கு அதுதான் பெயர். அப்புறம்தான் இனிப்புப் பழச்சாறுக்கு வந்தது. அந்த இனிப்பு ருசிக்கு மட்டுமல்ல. சீனி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகள் பெருக முடியாது. புளிப்பும் அதற்குத் துணை நிற்கும்.

வீட்டில் செய்பவர்கள் சாற்றைக் கொதிக்க வைக்க வேண்டாம். அதில் மாச்சத்து உண்டு, சூட்டில் கஞ்சி போல் தடித்துவிடும், வாசமும் போய்விடும். சீனிப்பாகைத் தனியே காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, பிறகு சாற்றைக் கலந்தால் போதும்.